பெரியம்மாவின் மஞ்சப்பை

பெரியப்பாவின் வருஷத் தெவசத்துக்கு முந்தின நாள். விளக்குத் திரி தேடிச் சாமி அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை, சுருட்டித் திணித்து வைத்திருந்தது. திரி அதற்குள் இருக்கும் என்று இழுத்தேன். தரை முழுக்க உறைகளாகக் கொட்டியது.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் பிரசாதக் கவர்கள். பொன் நிற எழுத்து, உள்ளே ஒரு சிட்டிகை குங்குமம், செப்புத் தகடு போல மினுங்கும் ஒரு எந்திரம், கூடவே பணம் அனுப்பும் படிவம். சில பரிசுச் சீட்டுகள், நாணயத்தால் சுரண்டிய தடத்தோடு. மணியார்டர் ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாகக் கட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில், ரவிக்கைத் துணியில் சுற்றி, ஒரே ஒரு பழுப்பு உறை.

பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், தென்னந்தோப்புக்கு நடுவே தனியாக இருக்கிறார். மகள் பெங்களூரில். நான் அவருடைய தங்கை மகன், பொள்ளாச்சியில் இருக்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் கேரளம். ஆனால் எங்கள் ஆட்கள் அங்கே பேசுவது கொங்குத் தமிழ்தான். பெரியம்மா படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், அதுவும் ஐந்தாவது வரை. மலையாளம் சரளமாகப் பேசுவார், ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. கரண்ட் பில், பஞ்சாயத்து வரி, பேங்க் கடிதம் என்று வீட்டுக்கு வரும் முக்கியமான காகிதம் எல்லாமே மலையாளத்திலோ இங்கிலீஷிலோதான் வரும். அறுபது வருஷமாக இப்படித்தான். அதனால் வாசிக்க முடியாத காகிதம் என்றாலே அது சர்க்கார் காகிதம், மதித்து நடக்க வேண்டியது என்று அவர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

அந்தப் பழுப்பு உறை பெரியப்பா பெயருக்கு வந்திருந்தது. அவர் இறந்த மூன்றாவது மாதம். மேலே சிங்க முத்திரை, சிவப்பு மையில் 'கடைசி அறிவிப்பு' என்று இங்கிலீஷில். பெரியப்பா ஏதோ விவசாயக் கருவிக்குத் தவணை பாக்கி வைத்திருப்பதாகவும், பதினைந்து நாளில் 18,500 ரூபாய் கட்டாவிட்டால் வாரிசுகள் மேல் நடவடிக்கை வரும் என்றும் எழுதியிருந்தது. என்ன கருவி, எந்த வருஷம், கடன் கொடுத்தது யார், எதுவும் இல்லை. கணக்கு எண்ணும் கடைசித் தேதியும் மட்டும் கொட்டை எழுத்தில். பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் தொகையையும் தேதியையும் வாசித்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். பெரியம்மா தேங்காய் போட்ட பணத்தோடு ஒரு ஜோடித் தோட்டை அடகு வைத்து, இரண்டு தடவையாகக் கட்டியிருக்கிறார். பெரியப்பா ஜென்மத்தில் தவணைக்கு ஒரு மண்வெட்டி வாங்கினவர் இல்லை.

நான் கத்தினேன். அவ்வளவு உரக்க அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. "ஒரு போன் பண்ண முடியாதா பெரீம்மா? யார் எதக் கேட்டாலும் குடுத்துருவீங்களா?" என்றேன். அவர் கொட்டிக் கிடந்த குங்குமத்தை விரலால் கூட்டி எடுத்துக்கொண்டே சொன்னார்: "கடனோட போன மனுசனுக்கு நான் எப்படிக் கண்ணு தெவசம் குடுப்பேன்?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனாலும் தப்பு செய்வதை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தபால்காரரைப் பிடித்து, "பெரியம்மாவுக்கு வர்றத என்கிட்டச் சொல்லிட்டுக் குடுங்க, இல்லன்னா குடுக்காதீங்க" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அவருடையது, நான் நிறுத்தி வைக்க முடியாது, அவராக வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம். அவர் சொன்னது சட்டப்படியும் சரி, நியாயப்படியும் சரி. அப்புறம் பெரியம்மாவின் போனை வாங்கித் தெரியாத நம்பர்களை எல்லாம் அழித்தேன். பாஸ்புக்கை எடுத்து வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது பூஜை அலமாரி காலியாக இருந்தது. மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, புது உறைகள் அரிசி டிரம்முக்குள் போயிருந்தன. ஏமாந்ததைவிட என்னிடம் மாட்டுவதுதான் அவருக்குப் பெரிய பயமாகிவிட்டது. இதைப் படிக்கும் யாராவது இப்போது இதே நிலையில் இருந்தால், முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த கடிதம் உங்கள் கண்ணுக்கே வராது.

நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்களிடம் வாய் விட்டு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டேன். பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, நாற்பத்தொரு உறைகளையும் தேதி வாரியாக அடுக்கி, கதையை முழுசாகச் சொன்னார்.

ஆரம்பம் ஒரு பிரசாதக் கவர். கேட்காமலே வந்தது. நட்சத்திரத்துக்கு அன்னதானம், 101 ரூபாய். குங்குமத்தைக் குப்பையில் போட மனசு வருமா? வாங்கிக்கொண்டு காசு தராமல் இருக்க மனசு வருமா? கவர் அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 101 கொடுத்த மறு மாதமே 501 கேட்டு வந்தது. அப்புறம் வேறு ஊர், வேறு பெயர், அதே மாதிரிப் படிவம். ஒரு தடவை காசு அனுப்பிய முகவரி கை மாறிக் கை மாறிப் போகிறது என்பது அந்தத் தேதி வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. ஒன்றரை வருஷத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம். அதில் மணியார்டர் கமிஷனே நூற்றுக்கு ஐந்து ரூபாய். நேர்மையான அறக்கட்டளைகளும் தபாலில் நன்கொடை கேட்பது உண்டு, எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் எது நேர்மை எது பித்தலாட்டம் என்று தோப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கிழவி கண்டுபிடிக்க வழி இல்லை.

'கொடுக்காதீங்க' என்று சொன்னது பலிக்கவில்லை. எங்கே கொடுக்கலாம் என்று பேசியதும் வழி பிறந்தது. மாதம் 300 ரூபாய் தர்மத்துக்கு என்று அவரே வைத்தார். அது ஊர் மாரியம்மன் கோயில் உண்டியலுக்குப் போகிறது, அன்னதான நாளில் அரிசியாகப் போகிறது, கண்ணால் பார்க்கிற இடம். தபாலில் வரும் குங்குமம், விபூதிக்குக் கோயில் பூசாரியே யோசனை சொன்னார்: துளசி மாடத்து அடியில் போட்டுவிடுங்கள், தோஷம் ஒன்றும் இல்லை. நான் நூறு தடவை சொல்லியும் போகாத உறுத்தல், பூசாரி ஒரு தடவை சொன்னதும் போய்விட்டது. யார் வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களோ அவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது.

பரிசுச் சீட்டு விஷயத்தில் எல்லைப்புறத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருக்கு 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று கடிதம் வந்தால் உடனே சந்தேகம் வரும். கேரளத்தில் அது சர்க்காரே நடத்துகிற வியாபாரம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாரில் வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்து, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் நான்கு பேருக்குப் போனது எங்கள் பகுதியில் இன்னும் பேச்சு. பெரியம்மாவும் எப்போதாவது ஒரு டிக்கெட் எடுப்பார். ஆகவே பரிசு என்பது அவருக்கு நடக்கக்கூடிய விஷயம். 'லாட்டரியே பொய்' என்று சொன்னால் எடுபடாது. உண்மையான லாட்டரி எப்படி நடக்கிறது என்று சொன்னபோதுதான் எடுபட்டது. கேரள லாட்டரி காகித டிக்கெட் மட்டும்தான், போனிலோ தபாலிலோ விற்பதில்லை. கையில் டிக்கெட் இல்லாமல் பரிசு இல்லை. 5,000 ரூபாய் வரை கடையிலேயே வாங்கலாம், அதற்கு மேல் போனால் டிக்கெட்டை 30 நாளுக்குள் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். பெரிய பரிசு என்றால் வருமான வரி 30 சதவீதம் பரிசுப் பணத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். வரி, ஃபைல் செலவு, கூரியர் செலவு என்று நம்மிடம் முன்பணம் கேட்கிற பரிசு எதுவும் கிடையாது. "அப்போ விழுந்தவன் காசு கட்ட வேண்டியதில்ல?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். சுரண்டிய சீட்டுகளை அன்றைக்கே அடுப்பில் போட்டார்.

சரி, கடன் கடிதம். இதற்குச் சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர்) போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அவர் காதால் கேட்க வேண்டும் என்று. வக்கீல் சொன்னதன் சுருக்கம்: இறந்தவருக்கு உண்மையாகவே கடன் இருந்தாலும், வாரிசுகள் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. தங்கள் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. சாதாரணக் கடனுக்கு வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாக மூன்று வருஷம். கேட்கிறவர்தான் பத்திரம் காட்ட வேண்டும். ஆகவே முதல் பதில் 'கையெழுத்துப் போட்ட ஒப்பந்த நகலை அனுப்புங்கள்' என்று ஒரு வரி. அதையும் எழுத்தில், நகல் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும். போனில் பேசவே கூடாது. அந்தச் சிங்க முத்திரையைத் தனியார் கடிதத்தில் போடுவதே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதைக் கேட்டதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அவர் கடன்காரர் இல்லைங்களா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா" என்றார் வக்கீல். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் பேசாமலே வந்தார். பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாலுகா அளவிலேயே சட்டப்பணிக் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது.

அதே வக்கீல் சொன்ன இன்னொன்றும் மறக்கவில்லை. 'இந்தப் பார்சலைப் பதினைந்து நாளில் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்க ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்' என்று மூட்டுவலித் தைலம் ஒன்று வந்திருந்தது. மௌனம் சம்மதம் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் அந்தப் பழமொழி செல்லாது. நாம் சும்மா இருந்தோம் என்பதற்காக நம் தலையில் ஒரு வியாபாரத்தைக் கட்ட முடியாது. பிரித்துப் பயன்படுத்திவிட்டால் கதை மாறலாம். பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுங்கள் என்றார்.

இனி, வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. வெற்றிலைத் தட்டு ஒன்று, பித்தளை, பெரியப்பா இருந்தவரை திண்ணையில் இருந்தது. அதை எடுத்துத் துலக்கி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார் பெரியம்மா. தபாலில் எது வந்தாலும் தட்டில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை நானோ, வீடியோ காலில் பெங்களூர் அக்காவோ (பெரியம்மாவின் மகள்), ஒவ்வொன்றாக உரக்க வாசித்துத் தமிழில் சொல்வோம். எதைக் கட்டுவது, எதைக் கிழிப்பது என்று முடிவு செய்வது அவர். பணம் கேட்கிற காகிதம் எதுவாக இருந்தாலும் ஒரு ஞாயிறு தாண்டாமல் பணம் போகாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்த மோசடிக்காரர்களின் கஞ்சிக்கு அது அப்படியே பொருந்தும். இன்றே, இப்போதே, இரவு ஒன்பது மணிக்குள் என்று சூட்டோடு குடிக்க வைத்தால்தான் அவர்கள் பிழைப்பு. நான்கு நாள் தட்டில் கிடந்தால் அந்தக் கடிதத்தின் பயம் பாதியாகிவிடுகிறது, பெரியம்மாவே சொன்னார்.

தட்டை ஒளிக்கிற இடத்தில் வைக்காமல் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் வைத்ததும் உதவியது. கடிதம் வருவது வெட்கப்படுகிற விஷயம் இல்லை என்று ஆகிவிட்டது.

வாசலில் பணம் கேட்டு நிற்கும் பார்சலுக்கு ஒரு வாக்கியம் பழகினோம். "நான் ஒண்ணும் சொல்லி விடலீங்க, திருப்பி அனுப்பிருங்க." வி.பி.பி. (பணம் கட்டி வாங்கும் தபால் பார்சல்) ஆனாலும் கூரியர் ஆனாலும் பணம் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும், பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்பது பெரும்பாலும் நடக்காது. ஆகவே சொல்லி வாங்காத பார்சலுக்கு வாசலிலேயே மறுப்பதுதான் ஒரே பாதுகாப்பு. வீட்டில் யாராவது உண்மையாக ஏதாவது ஆர்டர் செய்தால் முன்கூட்டியே பெரியம்மாவிடம் சொல்லி, காலண்டரில் எழுதச் சொல்கிறோம். காலண்டரில் இல்லையென்றால் பார்சல் திரும்பிப் போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பணம் கேட்கும் பார்சலை மறுப்பது போல, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கடிதத்தை மறுத்துவிடக் கூடாது. கோர்ட் சம்மனையோ நோட்டீஸையோ வாங்க மறுத்தால், அது கிடைத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கித் தட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த் தரப்பு எழுதிய கடிதம், கோர்ட் உத்தரவு இல்லை. பதில் சொல்ல வேண்டியதாக இருக்கலாம், நடுங்க வேண்டியது இல்லை. கோர்ட் வழக்கு என்றால் எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு கொண்ட சி.என்.ஆர். என்ற வழக்கு அடையாள எண் இருக்கும், ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வருமான வரி நோட்டீஸ் என்றால் 2019 அக்டோபர் முதல் ஆவண எண் இருக்க வேண்டும், அதையும் வரித் துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். கரண்ட் பாக்கி என்றால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுக்காமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது, 2003 மின்சாரச் சட்டம் அது. 'இன்று இரவு ஃப்யூஸ் பிடுங்குவோம்' என்று குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள எண்ணைக் கூப்பிடாமல் மின்வாரியத்தின் உதவி எண்ணான 1912-க்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பாஷை விஷயமும் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-இல் வந்தது, அங்குள்ள தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியில் சர்க்காருக்கு எழுத உரிமை கொடுத்திருக்கிறது. நடைமுறையில் பதில் எந்த மொழியில் வரும் என்பது ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மாறும். இருந்தாலும் பஞ்சாயத்துக்குப் பெரியம்மா தமிழில் தன் கைப்பட ஒரு மனு எழுதினார், வரி விவரம் கேட்டு. அவர் கையெழுத்தை நான் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

பேங்கில் இரண்டு கணக்கு ஆக்கினோம். பென்ஷனும் தேங்காய்ப் பணமும் வரும் கணக்கில் ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ. எதுவும் இல்லை. செலவுக் கணக்கில் மாதம் ஆறாயிரம். இழந்தாலும் அவ்வளவுதான் போகும்.

போன பணம் திரும்பவில்லை. நான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டபோது கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. புகார் பதிவாகியிருக்கிறது, எண் இருக்கிறது, அவ்வளவே. முதல் சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், ஏமாந்த நிமிஷத்திலேயே பெரியவர்கள் நம்மிடம் சொல்லும்படி நாம் நடந்துகொண்டிருக்க வேண்டும். நான் அப்படி இருக்கவில்லை.

முகவரி எப்படிப் போயிருக்கும் என்று நானும் அக்காவும் யோசித்தோம். பெரியப்பா இறந்தபோது அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எடுத்துப் பார்த்தேன். முழுப் பெயர், தோப்பின் பெயர், ஊர், இறந்த தேதி, தொடர்புக்குப் பெரியம்மாவின் நம்பர். பாசத்தில் நாங்கள்தான் அச்சடித்தோம். கடிதத்தில் இருந்த பெயரும் போஸ்டரில் இருந்தது போலவே, இரண்டு இனிஷியலோடு. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அவருக்கு ஒரே இனிஷியல்தான். இனிமேல் எங்கள் வீட்டு அஞ்சலி எதிலும் வயதான பெண்ணின் நம்பரும் வீட்டு அடையாளமும் இருக்காது.

போன ஞாயிறு போயிருந்தேன். தட்டில் மூன்று உறைகள். ஒன்று பேங்கிலிருந்து, ஒன்று பழையபடி பிரசாதம். மூன்றாவது பெரியம்மா பெயரில் இல்லை. பின்வீட்டு அம்மாவுக்கு வந்தது. அந்த அம்மா கதவோரம் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். பெரியம்மா பாய் விரித்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"பயப்படாத. இங்க யாரும் வைய மாட்டாங்க. கண்ணு, மொதல்ல அவளோடதப் படி."